மானியம்: மரியாதையாக இருந்த ஒரு சொல்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

ஏலக்காய் வியாபாரத்தில் இருக்கும் பழைய மாணவர் ஒருவர் போன வாரம் போனில் கேட்டார். "சார், மானம்ங்கிறதுக்கும் மானியம்ங்கிறதுக்கும் சம்பந்தம் உண்டா?" கேட்டதற்குக் காரணம் அவர் கடையில் நடந்த ஒரு வாக்குவாதம். "இந்த ஊர்ல பாதிப் பேரு மானியத்துலதான் பொழைக்கிறான்" என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். காய் பிரித்துக்கொண்டிருந்த அம்மா ஒருவர் தலை நிமிராமலே, "எங்களுக்கு மானம் இருக்குய்யா, உங்க மானியம் வேணாம்" என்று சொல்லிவிட்டாராம்.

சம்பந்தம் உண்டு. இரண்டும் ஒரே வேர். வடமொழியில் மான என்றால் மதிப்பு, பெருமிதம். மான்ய என்றால் மதிக்கத் தக்க, மரியாதைக்கு உரிய என்று பொருள். தெலுங்கிலும் கன்னடத்திலும்கூட மான்யம் என்றால் வரி இல்லாமல் அனுபவிக்கும் நிலம்தான். ஆக, மானியம் வாங்குபவர் என்றால் ஒரு காலத்தில் ஊரில் மதிக்கப்பட வேண்டியவர் என்று அர்த்தம். அந்தச் சொல்லை இன்று ஒருவரைக் குத்திக் காட்ட எடுக்கிறோம். இந்தத் தலைகீழ் மாற்றம் எப்படி நடந்தது என்பதைத்தான் எழுதப் பார்க்கிறேன். பள்ளிக்கூடத்தில் ஐந்து மதிப்பெண் கேள்வியாகச் சொல்லிக்கொடுத்தபோது இதற்கெல்லாம் நேரம் இருந்ததில்லை.

முதலில் ஒரு சின்ன விளக்கம். மணியக்காரர் வேறு, மானியக்காரர் வேறு. மணியம் என்பது ஊர் மேற்பார்வை. மணியக்காரருக்கு மானியமும் இருந்திருக்கலாம். ஆனால் சொல் வேறு.

மானியம் என்ற பெயர் வழக்கத்துக்கு வருவதற்கு முன்னாலேயே அந்த ஏற்பாடு இருந்தது. சோழர் கல்வெட்டுகளில் அதற்குப் பெயர் இறையிலி. இறை என்றால் அரசனுக்குச் சேரும் வரி. இறை இல்லாத நிலம் இறையிலி. பிராமணருக்குக் கொடுத்தால் பிரமதேயம், கோயிலுக்குக் கொடுத்தால் தேவதானம், சமண பௌத்தப் பள்ளிகளுக்குக் கொடுத்தால் பள்ளிச்சந்தம். சோதிடருக்கும் வைத்தியருக்கும் தச்சருக்கும் தனித்தனிப் பெயரில் நிலம் விடப்பட்டது. போரில் செத்தவன் குடும்பத்துக்கு விட்ட நிலத்துக்கு உதிரப்பட்டி என்று பெயர். ரத்தத்துக்குக் கொடுத்த நிலம். கல்வெட்டில் பெயரைப் பார்த்தாலே யாருக்கு, எதற்காகக் கொடுத்தார்கள் என்பது தெரிந்துவிடும். சூரியனும் சந்திரனும் உள்ளவரை செல்லும் என்று கல்லில் வெட்டி, இதை அழிப்பவன் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான் என்று சாபமும் சேர்த்து வைப்பார்கள்.

விஜயநகர, நாயக்கர் காலத்தில் மானியம் என்ற சொல் ஊன்றிவிட்டது. முழுக்க வரி நீக்கினால் சர்வமானியம். பாதி நீக்கினால் அர்த்தமானியம். முகலாய, நவாப் ஆட்சியோடு வந்த இனாம் என்ற அரபுச் சொல்லும் பிறகு இதே பொருளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. அரசாங்கக் காகிதத்தில் இனாம், ஜனங்கள் வாயில் மானியம்.

இந்த இடத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாடப் புத்தகங்களில் "அரசன் நிலத்தைத் தானமாக அளித்தான்" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். பெரும்பாலான மானியங்களில் கைமாறியது மண் அல்ல, அந்த மண்ணிலிருந்து அரசனுக்கு வர வேண்டிய வரி. உழுகிறவன் எப்போதும்போல அளந்துகொண்டுதான் இருந்தான். அரண்மனைக் களஞ்சியத்துக்கு அளந்ததை இப்போது மானியக்காரர் வீட்டில் அளந்தான், அவ்வளவுதான். அரசாங்கக் கணக்கில் பார்த்தால் அது வரவேண்டிய வருமானத்தை விட்டுக்கொடுத்தது. இந்த வார்த்தையை ஞாபகத்தில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

மானியக்காரர் என்றால் எல்லாரும் பெரிய மனிதர்கள் இல்லை. அக்ரகாரமும் கோயிலும் ஒரு பக்கம். தலையாரி, வெட்டியான், மடை திறந்துவிடும் நீர்பாய்ச்சி, சலவைத் தொழிலாளி, நாவிதர், குயவர், தச்சர், கொல்லர் என்று ஊர் வேலைக்காரர்கள் இன்னொரு பக்கம். இவர்களுக்கும் ஆளுக்குக் கொஞ்சம் மானியம் உண்டு. கம்பம் பள்ளத்தாக்கிலும் போடி சுற்றுவட்டாரத்திலும் பழைய பத்திரங்களைப் புரட்டினால் நான்கெல்லைகளில் கோயில் மானியம், தலையாரி மானியம் என்றெல்லாம் எழுதியிருக்கும். நிலம் எத்தனையோ கை மாறியிருக்கும், பெயர் மட்டும் அங்கேயே நிற்கும்.

கோயில் மானியமும் தலையாரி மானியமும் ஒரே சொல்தான், ஆனால் ஒரே பொருள் இல்லை. அக்ரகாரத்து மானியத்தை வாங்கியவர் வேறு ஊருக்குப் போய் இருந்தாலும் அது அவருடையது. ஊர் வேலைக்காரர் வேலையை விட்டால் நிலமும் போய்விடும். அப்பன் செய்த வேலையை மகன் செய்ய வேண்டும், மகனுக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும். பிணத்துக்குக் குழி வெட்டுகிறவர் மகன் வேறு தொழிலுக்குப் போக நினைத்தால் அந்த அரைக்காணியும் கையைவிட்டுப் போகும். மேலே இருப்பவருக்கு மரியாதையாக இருந்தது கீழே இருப்பவருக்குக் காலில் கட்டிய கயிறாக இருந்தது. கூலியை மரியாதை என்ற பெயரில் கொடுத்தால் கூட்டிக் கேட்க முடியாது என்பது அந்தக் காலத்து ஊர்ப் பெரியவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. வெள்ளைக்காரன் இதை மாற்றினானா என்றால், 1895-ல் பரம்பரைக் கிராம உத்தியோகங்களுக்கு ஒரு சட்டம் போட்டு, பரம்பரை என்பதையே எழுதி உறுதி செய்தான்.

மானியங்களை ஆங்கிலேயர் எண்ணத் தொடங்கியது 1858-ல். சென்னை மாகாணத்தில் இனாம் கமிஷன் என்று ஒன்றை அமைத்தார்கள். ஊர் ஊராக அதிகாரிகள் போய், "உன் மானியத்துக்கு ஆதாரம் என்ன, யார் கொடுத்தது, எப்போது, எதற்காக" என்று கேட்டு எழுதினார்கள். செப்பேடு, ஓலை, கல்வெட்டு, அனுபோகம் என்று அவரவர் கையில் இருந்ததைக் காட்டினார்கள். எழுதி முடித்த பதிவேடு இன்றும் உயிரோடு இருக்கிறது. கோயில் நிலத் தகராறு எதுவானாலும் வக்கீல்கள் முதலில் தேடுவது அந்த இனாம் ரிஜிஸ்டரைத்தான். தனிமனிதர் இனாம்களில் ஒரு குறைந்த தீர்வையைக் கட்ட ஒப்புக்கொண்டவர்களுக்கு நிலத்தை முழுச் சொந்தமாக எழுதிக்கொடுத்துவிட்டார்கள். அரசன் விட்டுக்கொடுத்த வரி இப்படியாகக் குடும்பச் சொத்தாக மாறியது.

இப்போது போடிக்கு வருகிறேன். மதுரை நாயக்கர்கள் ஏற்படுத்திய 72 பாளையங்களில் போடிநாயக்கனூரும் ஒன்று என்பது நமக்கெல்லாம் தெரியும். பாளையம் என்றால் படை தங்கும் இடம். அரசனுக்குப் படை தர வேண்டும், காவல் பார்க்க வேண்டும், அதற்காகப் பாளையத்தின் வருமானத்தை வைத்துக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. 1801-ல் கர்நாடக நவாப்பிடமிருந்து ஆட்சி முழுக்க கம்பெனிக்குப் போனது. 1802-ல் 25-ம் ரெகுலேஷன் என்ற ஒழுங்குமுறை வந்தது. படை வேண்டாம், காவல் வேண்டாம், வருஷத்துக்கு இவ்வளவு பேஷ்குஷ் கட்டினால் போதும் என்றார்கள். பாளையக்காரர் ஜமீன்தார் ஆனார். அதில் முக்கியமான வார்த்தை "நிரந்தரம்". கட்ட வேண்டிய தொகை எக்காலத்துக்கும் மாறாது.

யோசித்துப் பாருங்கள். 1802-ல் நிர்ணயித்த தொகை. அதன் பிறகு காடு திருத்தி வயலானது, விலைவாசி ஏறியது, ஊர் வளர்ந்தது, மலையில் காப்பியும் தேயிலையும் வந்தது, 1928-ல் மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்தது. குடியானவன் கட்டியது கூடியது. ஜமீன்கள் சர்க்காருக்குக் கட்டியது அசையவில்லை. இடையில் இருந்த வித்தியாசம் முழுவதும் அரசு விட்டுக்கொடுத்ததுதான். ஆனால் அதற்கு யாரும் மானியம் என்று பெயர் வைக்கவில்லை. ஜமீன் என்றார்கள். பாரசீகத்தில் அதற்கு வெறும் நிலம் என்றுதான் பொருள். போடி அரண்மனைச் சுவரில் உள்ள ராமாயண ஓவியங்களைப் பார்த்து வியக்கிறோம், வியக்கத்தான் வேண்டும். அந்தச் சாயத்துக்குக் காசு எந்த வயலில் விளைந்தது என்பதையும் சேர்த்து யோசித்தால் ஓவியத்தின் அழகு குறைந்துவிடாது.

1908-ல் ஜமீன் குடியானவர்களுக்கு நிலத்தில் இருக்கும் உரிமையைச் சட்டம் அங்கீகரித்தது. ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948-ம் ஆண்டின் 26-ம் சட்டம், ஓமந்தூரார் முதல் மந்திரியாக இருந்தபோது வந்தது. ஜமீன்களுக்கு நஷ்டஈடும் கொடுத்தார்கள். இனாம்களுக்கு 1963-ல் தனிச் சட்டங்கள் வந்தன. ஊர் வேலை மானியத்தின் கடைசி நிழலான பரம்பரைக் கர்ணம், முன்சீப் பதவிகளை 1980 நவம்பர் 14-ம் தேதி எம்.ஜி.ஆர். அரசு ஒரே நாளில் எடுத்துவிட்டது. பிறகுதான் தேர்வு எழுதி வரும் கிராம நிர்வாக அலுவலர். நம் ஊர்ப்பக்கம் அன்று சிலர் வீட்டில் சாவு வீடு மாதிரி இருந்தது, சிலர் வீட்டில் பொங்கல் மாதிரி இருந்தது. இரண்டையும் பார்த்தவன் நான்.

மலைக்கு மேலே கதை வேறு மாதிரி. ஏலமலை திருவிதாங்கூருக்குச் சேர்ந்தது. 19-ம் நூற்றாண்டின் பெரும்பகுதி அங்கே ஏலக்காய் அரசின் ஏகபோகம். போடி, கம்பம், கூடலூர் பக்கத்து ஆட்கள் மலையேறிப் பயிர் செய்தாலும் காயை அரசாங்கத்திடம்தான் ஒப்படைக்க வேண்டும், அவர்கள் கொடுக்கும் பங்கைத்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். அந்த நூற்றாண்டின் கடைசியில்தான் அது நிலவரியாக மாறியது. (ஏலக்காயை ஏலம் விடுகிறோம் என்று வேடிக்கையாகச் சொல்வோம் அல்லவா. காயின் ஏலம் நம் மண்ணின் பழைய பெயர். கூவி விற்கும் ஏலம் போர்ச்சுகீசியரின் லெய்லாவோ என்ற சொல்லிலிருந்து வந்தது. இரண்டும் ஒரே கூரையின் கீழ் வந்து சேர்ந்த ஊர்களில் நம் ஊர் ஒன்று.)

அந்த ஏலமலைக்குக் கண்காணிப்பாளராக இருந்த ஜே.டி. மன்றோ என்ற ஆங்கிலேயர் 1877-ல் பூஞ்சாறு ராஜாவிடமிருந்து கண்ணன் தேவன் மலையை, ஒரு லட்சம் ஏக்கருக்கும் மேலே, சொற்பக் குத்தகைக்கு எழுதி வாங்கினார். அந்தப் பத்திரத்துக்கு ஆங்கிலத்தில் "பூஞ்சாறு கன்சஷன்" என்றே பெயர். கன்சஷன் என்றால் நமக்குத் தெரிந்தது மாணவர்களுக்கான பஸ் டிக்கெட். அதே சொல்தான். ஒரு பையனுக்குச் சில ரூபாய் குறைவதும் கன்சஷன், ஒரு மலைத்தொடரே கைமாறுவதும் கன்சஷன். அந்த மலைத் தேயிலை டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பி வழியாகக் கோட்டகுடிக்கு இறங்கி, மாட்டு வண்டியில் போடிக்கு வந்து, அப்புறம் கப்பலுக்குப் போனது. குரங்கணி பக்கம் போகிறவர்கள் அந்தக் கம்பிப் பாதையின் மிச்சங்களைப் பார்த்திருப்பீர்கள். கண்ணன் தேவன் நிலங்களைக் கேரள அரசு மீட்டெடுக்கச் சட்டம் போட்டது 1971-ல்.

அதே 1971-ல் தில்லியிலும் ஒன்று நடந்தது. சமஸ்தானங்கள் இந்தியாவோடு சேர்ந்தபோது ராஜாக்களுக்கு ஆண்டுதோறும் பணம் தருவதாக ஒப்புக்கொண்டு அதை அரசியல் சட்டத்திலேயே எழுதியிருந்தார்கள். ஆங்கிலத்தில் பிரிவி பர்ஸ். தமிழ்ப் பத்திரிகைகள் அதற்கு வைத்த பெயர் மன்னர் மானியம். எவ்வளவு பொருத்தம் பாருங்கள். மைசூர் மகாராஜாவுக்கு வருஷம் 26 லட்சம். சௌராஷ்டிரத்தில் கட்டோடியா என்ற ஒரு சின்ன இடத்தின் தலைவருக்கு வருஷம் 192 ரூபாய். இருவருக்கும் ஒரே பெயர், மன்னர் மானியம்தான். 1970-ல் ஜனாதிபதி உத்தரவு மூலம் இதை நிறுத்தப் பார்த்தார்கள், உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. மறுவருஷம் 26-வது அரசியல் சட்டத் திருத்தம் வந்து மானியம் போனது. மானியம் என்ற சொல் பெரிய மனிதர்களைக் குறித்து மேடைகளில் பேசப்பட்டது அநேகமாக அதுதான் கடைசி.

அதற்குள் சொல்லுக்கு இன்னொரு வேலை கிடைத்துவிட்டது. ஆங்கிலத்தில் கிராண்ட் என்பதற்கு மானியம் என்று மொழிபெயர்த்தார்கள். சட்டசபையில் இன்றும் "மானியக் கோரிக்கை" மீதுதான் விவாதம் நடக்கிறது. மாண்புமிகு அமைச்சர் எழுந்து நின்று தன் துறைக்கு மானியம் கேட்கிறார், அவர் மானம் ஒன்றும் போவதில்லை. பல்கலைக்கழக மானியக் குழு என்று ஒன்று இருக்கிறது. துணைவேந்தர்கள் அங்கே போய் மானியம் வாங்கி வந்தால் ஊரில் பாராட்டு விழா நடக்கும்.

பள்ளிக்கூடங்களுக்கு மானியம் என்பது 1854-ம் ஆண்டு உட்ஸ் அறிக்கையின் வழியாக வந்தது. தனியார் நடத்தும் பள்ளிகளுக்கு அரசு பண உதவி. அந்த நூற்றாண்டில் இன்ஸ்பெக்டர் வந்து பிள்ளைகளைக் கேள்வி கேட்டு, எத்தனை பேர் தேறினார்களோ அதற்கேற்ப மானியம் தரும் முறை கொஞ்ச காலம் இருந்தது. இன்ஸ்பெக்டர் வருகிற நாளில் அன்றைய வாத்தியார்களின் வயிறு எப்படிக் கலங்கியிருக்கும் என்று எனக்குத் தெரியும். நான் வேலை பார்த்தது அரசு உதவி பெறும் பள்ளியில்தான். 34 வருடம் என் சம்பளம் அரசாங்கக் கணக்கில் "கற்பித்தல் மானியம்". கட்டிடத்துக்கு வெள்ளையடிக்க வந்தது "பராமரிப்பு மானியம்". நான் வீடு கட்டியது, பிள்ளைகளைப் படிக்க வைத்தது, இன்று வாங்கும் ஓய்வூதியம் எல்லாம் அந்தப் பொதுப் பணத்திலிருந்து வந்தவை. "வாத்தியார் மானியத்துல பொழைச்சவரு" என்று யாரும் என்னைச் சொன்னதில்லை. சொன்னால் எனக்குக் கோபம் வந்திருக்கும், வேலை செய்து வாங்கினேன் என்று சொல்லியிருப்பேன். அந்தக் காலத்து நீர்பாய்ச்சியும் அதைத்தான் சொல்லியிருப்பார்.

பிறகு சப்சிடி என்ற ஆங்கிலச் சொல்லுக்கும் அதே மானியத்தைப் போட்டார்கள். இங்கேதான் சொல் சரியத் தொடங்கியது என்பது என் எண்ணம். உர மானியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1977-ல் அந்த ஏற்பாட்டைத் தொடங்கியபோது, உரத்தைத் தயாரிக்க ஆகும் செலவுக்கும் விவசாயிக்கு விற்கும் விலைக்கும் இடையிலான தொகையை அரசு உரக் கம்பெனிகளுக்குக் கொடுத்தது. விவசாயிக்கு விலை குறைந்தது உண்மை. பணம் போய்ச் சேர்ந்த இடம் கம்பெனி. ஆனால் மானியம் வாங்கியவன் என்ற பெயர் விவசாயிக்கு. மகளிருக்கு 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் கட்டணமில்லை. அந்தத் தொகையை அரசு போக்குவரத்துக் கழகங்களுக்கு மானியமாகத் தருகிறது. அந்தப் பணத்தைக் கண்ணால் பார்க்காத பெண்கள்தான் பேச்சுக் கேட்கிறார்கள்.

2022-ல் அந்தப் பயணத்தைக் குறித்து மேடையில் "ஓசி" என்ற சொல் வந்து பெரிய சண்டையானது நினைவிருக்கும். ஓசி என்ற சொல் எப்படி வந்தது என்பதற்குப் பரவலாகச் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனி அலுவல் கடிதங்களின் மேல் கம்பெனி காரியம் என்று பொருள்படும் ஆங்கில எழுத்துகள் இருக்கும், தபால் கூலி கிடையாது, அந்த எழுத்துகள்தான் ஓசி ஆனது என்பார்கள். கதை உண்மையோ பொய்யோ, கம்பெனி துரைகளின் கடிதங்கள் கூலி இல்லாமல் போனது உண்மை. துரைக்கு அது அந்தஸ்து.

இனி, முன்னால் ஞாபகத்தில் வைக்கச் சொன்ன வார்த்தைக்கு வருகிறேன். வரவேண்டிய வருமானத்தை விட்டுக்கொடுப்பது. மத்திய பட்ஜெட்டோடு 2006-07-லிருந்து ஒரு அறிக்கை வருகிறது. வரிச் சலுகைகளால் அரசுக்கு எவ்வளவு வருமானம் வராமல் போனது என்ற கணக்கு. ஆரம்பத்தில் அதற்கு "கைவிட்ட வருமானம்" என்றே தலைப்பு. அப்படியே மொழிபெயர்த்தால் நம் சோழர் காலத்து இறையிலிதான். சில வருடங்கள் கழித்துத் தலைப்பை மாற்றி "வரி ஊக்கச் சலுகைகளின் வருவாய்த் தாக்கம்" என்று ஆக்கிவிட்டார்கள். கம்பெனிகளுக்கு விடுவது ஊக்கத்தொகை, வரிச்சலுகை, வரிவிடுமுறை. ரேஷன் அரிசிக்குக் கொடுப்பது மானியம். பணம் ஒரே கஜானாவிலிருந்துதான். மேலே இருந்தவர்கள் மானியத்தை விட்டுவிடவில்லை. சொல்லை மட்டும் கீழே இறக்கிவிட்டு, தங்களுக்குப் புதிதாக வேறு சொற்களை எடுத்துக்கொண்டார்கள்.

நம் ஊர்க் கணக்கையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். விவசாய வருமானத்துக்கு மத்திய வருமான வரி இல்லை. 1886-ம் ஆண்டு வருமான வரிச் சட்டத்திலிருந்தே இந்த விலக்கு உண்டு. 1961-ம் ஆண்டுச் சட்டத்தில் அது பத்தாவது பிரிவில் முதலில் நின்றது. மாநிலங்கள் தனியாக வரி போடலாம், கேரளம் போட்டும் இருக்கிறது. ஒரு ஏக்கர் வைத்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு இந்த விலக்கு நியாயம், அதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. அவருக்கு வரி போடும் அளவுக்கு வருமானமும் வராது. ஆனால் அதே விலக்கு நூறு ஏக்கர் ஏலத் தோட்டத்துக்கும் உண்டு. 2018 வெள்ளத்தில் இடுக்கியில் தோட்டங்கள் அழிந்து, மறுவருஷம் ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் உயர்ந்த விலை கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. அந்த வருஷம் காய் கையில் வைத்திருந்தவர்களுக்குக் கிடைத்ததில் மத்திய வருமான வரி என்று ஒரு பைசா இல்லை. அதை யாரும் மானியம் என்று சொல்லவில்லை. மறுநடவுக்கு ஸ்பைசஸ் போர்டு தரும் பணத்தை வாங்கும்போதுகூடத் தோட்டக்காரர்கள் "ஸ்கீம்" என்றுதான் சொல்கிறார்கள்.

மலைக்கு வேலைக்குப் போகிறவர்கள் விடியற்காலையில் ஜீப்பில் நெருக்கியடித்துப் போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளை ஏறிப் போய், சாயங்காலம் இறங்கி வருகிறார்கள். வருகிற வழியில் வண்டி கவிழ்ந்த செய்திகளைப் படித்துக்கொண்டேதான் இருக்கிறோம். அவர்கள் பறிக்கும் காய்தான் புற்றடியிலும் போடியிலும் ஏலத்துக்கு வருகிறது. 2011 ஜூன் மாதத்திலிருந்து ரேஷனில் அவர்கள் வாங்கும் அரிசிக்கு விலை இல்லை. அதற்குப் பட்ஜெட்டில் உணவு மானியம் என்று பெயர். கடையில் அந்த அம்மா கேட்ட பேச்சு இந்த அரிசிக்காகத்தான்.

2015-ல் மத்திய அரசு, வசதியானவர்கள் சமையல் எரிவாயு மானியத்தைத் தாங்களாக விட்டுக்கொடுங்கள் என்று ஓர் இயக்கம் நடத்தியது. நானும் விட்டுக்கொடுத்தேன், ஓய்வூதியம் வருகிறவனுக்கு எதற்கு என்று நினைத்தேன். அதை யார் மீதும் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் மானியத்தை விட்டுக்கொடுங்கள் என்று கேட்கும்போது சிலிண்டரைத்தான் கேட்டார்கள். வரிவிலக்கை விட்டுக்கொடுங்கள் என்று பத்திரிகையில் முழுப்பக்க விளம்பரம் எதையும் நான் இதுவரை பார்க்கவில்லை.

என் மாணவருக்கு இவ்வளவையும் போனில் சொல்ல முடியவில்லை. வேர் ஒன்று என்பதை மட்டும் சொன்னேன். "அப்ப அந்தக்காகிட்டச் சொல்றேன் சார்" என்றார். சொன்னாரா என்று தெரியாது.

ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பழைய பத்திரங்களில், போடி, தேவாரம், சின்னமனூர், உத்தமபாளையம் பக்கத்து நிலங்களில், மானியம் என்ற பெயரோடு வயல் பெயர்கள் இருந்தால் அந்த வரியை மட்டும் எனக்கு எழுதி அனுப்புங்கள். சர்வே நம்பர், ஆட்கள் பெயர் எதுவும் வேண்டாம். எந்த வேலைக்கு விட்ட மானியம், எந்த ஊர், இவ்வளவு போதும். ஒரு நோட்டில் தொகுத்துக்கொண்டிருக்கிறேன், இதுவரை இருபத்தி மூன்று சேர்ந்திருக்கிறது. அடுத்து குத்தகை என்ற சொல்லைப் பற்றி எழுதலாம் என்று இருக்கிறேன்.